படத்தில் இல்லாத சிரை

“மேடம், நீங்க படிச்சது தவளையவா, தவளைப் படத்தையா?”

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் என்னிடம் இப்படிக் கேட்டவர் எங்கள் விலங்கியல் ஆய்வகத்தின் உதவியாளர். கேலியாகக் கேட்கவில்லை. மெழுகுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, அரியலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்.

அன்று காலை இருபத்தெட்டு மாணவிகளுக்கு முன்னால் தவளையின் சிரை மண்டலத்தை அறுத்துக் காட்டியிருந்தேன். என் முதல் செய்முறை வகுப்பு. இடது சிறுநீரகத்திலிருந்து மெல்லிய நீலக் குழாய் ஒன்று முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. படத்தில் அந்த இடத்தில் ஒன்றும் கிடையாது. சிறுநீரகத்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோக நடுவில் ஒரே ஒரு பெரிய சிரைதான் உண்டு. “இது இணைப்புத் திசு, எடுத்துவிட வேண்டும்” என்று சொல்லிக் கத்தரியால் வெட்டினேன். ரத்தம் கசிந்தது. பஞ்சால் ஒற்றிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

“எம்.எஸ்சி. படிச்சிருக்கேன்” என்று அவருக்குப் பதில் சொன்னேன்.

“அதான் மேடம் கேட்டேன்” என்றார்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது. பெரம்பலூருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பெண்கள் கல்லூரி. எனக்கு இருபத்து மூன்று வயது. வெள்ளைக் கோட்டைச் சொட்டு நீலம் போட்டுத் துவைத்து, இஸ்திரி மடிப்புக் கலையாமல் மாட்டிக்கொண்டு போவேன். அவருக்கு முப்பத்தைந்து இருக்கலாம். பிளஸ் டூ தவறியவர். ரெட்டிபாளையத்தில் வீடு. கணவர் சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். அங்கிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து பெரம்பலூர் என்று இரண்டு பஸ் மாறி எட்டரைக்கு வந்துவிடுவார். கால் விரலிடுக்குகளில் சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். வந்ததும் குழாயடியில் பாதங்களைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஆய்வகத்தைத் திறப்பார்.

மாணவிகள் அவரை அக்கா என்பார்கள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இங்க வாங்க”, “அதைக் குடுங்க” என்று ஆரம்பமே இல்லாமல் பேசுவேன். அக்கா என்று சொன்னால் என் கோட்டில் ஒரு மடிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. எதையும் சரிசெய்து காட்ட மாட்டார். நான் படித்த கல்லூரியில் இருந்த உதவியாளர், தேர்வுக்கு முந்தின நாளே தவளைகளைப் பொறுக்கி எடுத்து, படத்தோடு ஒத்துப்போகும் என்று தோன்றுபவற்றை மட்டும் வைப்பார். அறுத்த பிறகு கூடுதலாக ஏதாவது கிளை தெரிந்தால், ‘கிளீன் பண்ணிடும்மா’ என்று காதருகே சொல்லிவிட்டுப் போவார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நம்பியிருந்தேன். இவரோ வகுப்பு முடிந்ததும், குப்பையில் போடுவதற்கு முன் ஒவ்வொரு தவளையையும் குனிந்து பார்ப்பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்க மாட்டார்கள். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால் அதைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றி ஜன்னலோரம் வைப்பார். சீட்டு ஒட்டுவதில்லை. எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது, எந்த மழைக்குப் பிறகு பிடித்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

தவளை பிடித்து வருவதும் அவர்தான். ஊர்ப் பக்கத்து ஏரியிலும் வாய்க்காலிலும் பிடித்து, ஈரச் சாக்கில் கட்டி பஸ்ஸிலேயே கொண்டுவருவார். ஒருமுறை ஊரிலிருந்து திரும்பும்போது நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். நடுவழியில் சாக்கு கத்த ஆரம்பித்தது.

“என்னம்மா மூட்டையில?” என்றார் கண்டக்டர்.

“காலேஜுக்குப் போற புள்ளைங்க.”

“டிக்கெட்டு?”

“பாஸ் இருக்கு.”

“பொம்பளப் புள்ளைங்க காலேஜுதானே அது? சத்தம் ஆம்பளச் சத்தமால்ல இருக்கு!”

“பொண்ணுங்க கத்தாதுங்க. கத்துறதெல்லாம் ஆம்பளதான். எல்லா ஊருலயும் அப்பிடித்தான்.”

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரோடு சேர்த்து என்னைப் பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

மூன்றாம் வருட மாணவிகளுக்குக் கருவளர்ச்சியியல் உண்டு. கோழி முட்டையை அடைகாக்க ஒரு மரப்பெட்டியும் நாற்பது வாட் பல்பும்தான் எங்களிடம் இருந்தன. மின்சாரம் போனால் பெட்டிமேல் கோணியைப் போர்த்துவார். மின்வெட்டின் புண்ணியத்தில் எங்கள் எழுபத்திரண்டு மணி நேரக் கரு ஒருநாளும் புத்தகத்தின் எழுபத்திரண்டு மணி நேரக் கருவைப் போல இருந்ததில்லை. நான் சலித்துக்கொள்வேன். அவர் நுண்ணோக்கியை விட்டு நகர மாட்டார்.

“மேடம், கழுத்துல இது என்ன, கோடு கோடா? மீனு செவுளு மாதிரி?”

“செவுள் பிளவுகள். எல்லா முதுகெலும்பிகளோட கருவிலயும் வரும். அப்புறம் வேற உறுப்பா மாறிடும்.”

“கோழி தண்ணிக்குள்ளயா இருக்கு? வேணாம்னா ஆரம்பத்துலயே வுட்டுருக்கலாமே. எதுக்கு ஒருதடவ போட்டுட்டு அப்புறம் மாத்தணும்?”

“அது பரிணாம வரலாறு. உங்களுக்குச் சொன்னா புரியாது.”

அவருக்குப் புரியாமல் இல்லை. பதில் தெரியாமல் இருந்தது எனக்குத்தான். பிறகு ஒருநாள் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது அவரே அந்தப் பேச்சை எடுத்தார். பஸ்கள் எங்களைத் தாண்டிப் பழைய ஸ்டாண்டுக்குள் போய், அங்கே நின்றுவிட்டு வந்துகொண்டிருந்தன.

“புதுசு கட்டியாச்சு. அதுக்காவ பழச ஒரேநாள்ல மூட முடியுதா? கடைங்க இருக்கு, சனங்க அங்கதான் நிக்குது. பஸ்ஸு ஓடிக்கிட்டே இருக்கணும்ல. முட்டைக்குள்ளயும் அப்பிடித்தான் போல. உசுர நிறுத்தி வச்சிட்டு வேலை பாக்க முடியாதுல்ல மேடம். இருக்கறத வச்சு ஒப்பேத்துது.”

ஒப்பேத்துது. அவர் வாயில் ஓயாமல் வரும் சொல் அதுதான். நான் மாணவிகளுக்குக் குறிப்புச் சொல்லும்போது ஒரு வரி வரும்: ‘உயிரினங்களின் ஒவ்வொரு உறுப்பும் அதன் பணிக்கு மிகச் சிறந்த முறையில் அமைந்துள்ளது.’ அந்த வரி வரும்போதெல்லாம் பக்கத்துத் தயாரிப்பு அறையில் தட்டு கொஞ்சம் பலமாகக் கவிழும். வகுப்பு முடிந்ததும் அவர் வந்து நிற்பார்.

“முதுகு வலிக்குதுங்க மேடம். நாலு காலுல நடந்த எலும்ப நிமுத்தி வச்சதுன்னு நீங்கதான சொன்னீங்க. அது சிறந்த முறையா?”

“அது விதிவிலக்கு.”

“புள்ள பெக்குற வழி? எலும்புக்கு நடுவுல எவன் போட்ட வழிங்க அது? எனக்கு ரெண்டும் ஆபரேஷன். சோறு போற வழியும் மூச்சுப் போற வழியும் ஒண்ணுக்கொண்ணு குறுக்க. பொறையேறி எத்தன பேரு செத்துருக்கான்.”

“தவளை நாக்கைப் பாருங்க. கண்மூடித் திறக்கறதுக்குள்ள பூச்சியைப் பிடிக்குது. அதைவிடச் சிறப்பா யாரு செய்ய முடியும்?”

கொஞ்சம் யோசித்தார். “நாக்கு நல்லாத்தான் இருக்கு. நான் நாக்கப் பத்திச் சொல்லல மேடம்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கிராமத்தில் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து உள்ளங்கை கறுத்துப்போன அம்மாவின் மகள் நான். வரதராஜன்பேட்டைச் சந்தைக்குப் போவதுதான் எங்கள் வீட்டுப் பெண்களின் நீண்ட பயணமாக இருந்தது. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் அங்கிருந்து வந்தேன். புத்தகம் தவறாக இருக்கலாம் என்று யாராவது சொன்னால், வந்த வழியே திரும்பிப் போ என்று சொல்வதுபோல இருக்கும்.

ஆனாலும் நூலகத்துக்குப் போனேன். திருச்சியில் ஒரு பழைய கருவளர்ச்சியியல் புத்தகத்தில் நான் வெட்டியெறிந்த அந்தக் குழாய் இருந்தது. தலைப்பிரட்டையாக இருக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு சிரைகள்தான் ரத்தத்தை மேலே கொண்டுபோகின்றன. நடுவில் இருக்கும் பெரிய சிரை அதற்குப் பிறகு வளர்கிறது. அது வேலையை ஏற்றுக்கொண்டதும் பக்கத்துச் சிரைகள் மறைகின்றன. அபூர்வமாகச் சில தவளைகளில் ஒரு பக்கத்துச் சிரை மறையாமலே நின்றுவிடுகிறது. அந்தத் தவளை குதிக்கிறது, பூச்சி பிடிக்கிறது, முட்டையிடுகிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை. மிகச் சிறந்தது என்பது வேறு, வாழப் போதுமானது என்பது வேறு என்று அன்று எனக்குப் புரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. குறிப்பில் அந்த வரியையும் மாற்றவில்லை. மாணவிகள் அதைத்தான் தேர்வில் எழுத வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண்.

இரண்டாவது வருடம் ஏப்ரலில் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் புறத்தேர்வாளராக வந்தார். அகத்தேர்வாளர் நான். என் வேலை தற்காலிகம். ஜூனில் நீட்டிப்பு வர வேண்டும். உதவியாளரும் ஒன்பது வருடமாகத் தினக்கூலிதான். அந்த ஜூனில் நிரந்தரமாகப் போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த தட்டுகளையே அன்று இரண்டாவது முறை கழுவிக்கொண்டிருந்தார்.

மாணவிகள் சிரைகளுக்கு அடியில் கறுப்புத் தாள் செருகி, குண்டூசியில் சிறிய காகிதக் கொடி குத்திப் பெயர் எழுதி வைக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்பவரின் மகள் ஒருத்தி எல்லாக் கொடிகளையும் சரியாகக் குத்தியிருந்தாள். இடது பக்கத்தில் ஒரு வெற்றுக் கொடியும் இருந்தது.

“இது என்னம்மா?” என்றார் புறத்தேர்வாளர்.

“தெரியல சார்.”

“தெரியாததுக்கு ஏன் கொடி குத்துன?”

“அங்க இருக்கு சார்.”

“கிட்னியிலிருந்து இப்படிக் குழாய் கிடையாது. வேற எதையோ இழுத்து வச்சிருக்க. டிசெக்‌ஷன் தப்பு.” சிவப்புப் பேனா தாளில் இறங்கியது.

தண்ணீர் ஜாடியோடு பின்னால் நின்றவர் முன்னால் வந்தார். “சார், அது தப்பு இல்லீங்க. சிலதுக்கு அப்பிடி இருக்கும். எங்கிட்டயே நாலு இருக்கு.” ஜன்னலுக்குப் போய் ஒரு பாட்டிலை எடுத்தும் வந்துவிட்டார்.

“நீங்க யாரு?”

“அட்டெண்டருங்க.”

“அட்டெண்டர்னா தண்ணி குடுங்க. எனக்கு வைவா எடுக்காதீங்க.”

யாரோ சிரித்தார்கள். வாசலில் முதல்வர் வந்து நின்றிருந்தார். புறத்தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க மேடம். இது என்ன?”

எனக்குத் தெரியும். அதன் பெயர் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியும், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். உதவியாளர் பாட்டிலை என் பக்கமாக நகர்த்தினார், நான் வசதியாகப் பார்க்கட்டும் என்று.

“பின் குத்துறப்ப இழுபட்டு இடம் மாறியிருக்கும் சார்” என்றேன்.

அந்த மாணவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. பாட்டிலைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு ஜாடியை எடுத்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

மாணவிக்கு அரியர் விழுந்தது. நவம்பரில் மறுபடி எழுதித் தேறிவிட்டாள். அவருக்கு நவம்பர் இல்லை. தேர்வுக்கு அடுத்த வாரமே அலுவலகத்தில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். ‘தேர்வுக் கூடத்தில் தவறான தகவல் கூறித் தேர்வுக்கு இடையூறு விளைவித்ததால்’ அவரைப் பணியிலிருந்து நிறுத்துவதாக அதில் இருந்தது. சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். படித்தேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். என் அப்பா வாழ்நாள் முழுவதும் கட்டைவிரல் ரேகை வைத்தவர். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைத்தார், அவர்மேல் குற்றம் இல்லை. எங்கள் வீட்டின் முதல் கையெழுத்து என்னுடையது. அதை இதற்குப் போட்டேன்.

அன்று மாலை டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஆய்வகச் சாவியைத் தர வந்தார்.

“மேடம், பாட்டில்ல ஃபார்மலின் கொறஞ்சா ஊத்தி வைங்க. காஞ்சிடும்.”

“என்னால வேற ஒண்ணும் சொல்ல முடியல. ஜூன்ல எனக்கு…”

“தெரியுதுங்க. ஒப்பேத்திட்டீங்க.”

தவளையைப் பார்த்துச் சொல்லும் அதே குரல். அதில் கோபம் இருந்ததா, அல்லது அதுவும் ஒரு உயிர் வேறு வழியில்லாமல் செய்ததுதான் என்று ஏற்றுக்கொண்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நீட்டிப்பு வந்தது. அடுத்த வருடமும் வந்தது. பிறகு நிரந்தரமும் ஆனேன். இந்த ஐந்து வருடத்தில் என் தொண்டை கெட்டுவிட்டது, பாதி வகுப்பிலேயே குரல் கம்முகிறது. ஒரே பாடத்தை ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே நகைச்சுவையைச் சொல்கிறேன். விடுதி அறைக்கு வந்தால் கோட்டைக் கழற்றக்கூட அலுப்பாக இருக்கிறது. ஃபார்மலின் மட்டும் தவறாமல் ஊற்றுகிறேன்.

உயிர்கள் உகந்தபடி அமையவில்லை, ஒப்பேற்றித்தான் வாழ்கின்றன என்பதை நான் பலநாள் எனக்கு வசதியாக வைத்துக்கொண்டேன். என் வேலை, என் வீட்டுக்கு நான் அனுப்பியது, அம்மா கொட்டை உடைப்பதை நிறுத்தியது எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. தவளை தன் சிரையைத் தேர்ந்தெடுப்பதில்லை. கேள்வி கேட்கப்பட்டபோது எனக்கு இரண்டு பதில்கள் தெரிந்திருந்தன.

இந்த வருடம் துறைப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். போன வாரம் ஆய்வக உதவியாளர் பணியிடம் ஒன்றை நிரப்பச் சொல்லிப் பழைய கோப்பு என் மேசைக்கு வந்தது. முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை, வயது வரம்பு நாற்பத்தைந்து. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் விண்ணப்பிக்க முடியாது. அதற்கு அடுத்த தாளில் ‘தவறான தகவல்’ என்ற வார்த்தையும், அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தன. கையெழுத்து அழகாக இருந்தது. அப்போது மெனக்கெட்டுப் போடுவேன்.

இன்று காலை முதல் பாடவேளையை விட்டுவிட்டு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வரிதான் வந்தது. அந்தத் தேர்வில் உதவியாளர் கூறிய தகவல் சரியானது. தவறான தகவலைக் கூறியவர் அகத்தேர்வாளராக இருந்த நான். அவர்மீது எடுத்த நடவடிக்கையை ரத்து செய்ய வேண்டும். இரண்டு புத்தகங்களின் பக்கங்களை நகலெடுத்து இணைத்தேன்.

இப்போதைய முதல்வர் வேறொருவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அஞ்சு வருஷம் கழிச்சு எதுக்கும்மா இது? யாரும் கேக்கலையே.”

“ஆமா சார். யாரும் கேக்கல.”

“இதை வாங்கி ஃபைல்ல போட்டா உங்க மேலதான் நடவடிக்கை வரும். துறைப் பொறுப்பு போயிடும். அதோட நிக்குமான்னும் தெரியாது. யோசிச்சுட்டுக் குடுங்க.”

“யோசிச்சுட்டேன் சார். பெற்றுக்கொண்டோம்னு முத்திரை மட்டும் போட்டுக் குடுங்க.”

கடிதத்தை எழுத்தரிடம் தள்ளினார். எழுத்தர் என் முகத்தைப் பார்க்காமல் நகலில் முத்திரையை அழுத்தினார்.

விண்ணப்பப் படிவம் ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அவர் நிரப்புவாரா, என்னை வாசலுக்குள் விடுவாரா, முதுகு வலியோடு மறுபடி இரண்டு பஸ் மாறி வர நினைப்பாரா, ஒன்றும் தெரியாது. மதிய வகுப்புக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அரியலூர் வந்தேன். இப்போது ரெட்டிபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். டிக்கெட் வாங்கியாகிவிட்டது.